மெல்ல எரியும் மருந்து

அழகர் வைகையில் இறங்கும் அதிகாலையில் கோரிப்பாளையம் பக்கத்துக் கரையில் நின்றவர்களுக்கு அதிர்வேட்டைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரும்புக் குழாய்க்குள் கருமருந்தை இட்டு, மேலே செங்கல் தூளைக் கெட்டித்து, திரியில் நெருப்பு வைத்தால் ஒரே இடி. ஏ.வி. பாலத்தின் மேல் நிற்கும் கூட்டத்துக்கும் நெஞ்சுக்கூடு அதிரும். அதே இரவில் வானத்துக்குப் போன வாணங்களுக்குள்ளும் இருந்தது வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த அதே கருமருந்துதான். வாணத்தில் அது இரண்டு மூன்று விநாடி சீறிக்கொண்டே எரிந்து, ஒரு குச்சியையும் காகிதக் குழலையும் தென்னை உயரத்துக்கு மேலே இழுத்துப் போயிற்று. வேட்டில் அது கண் சிமிட்டுவதற்குள் தீர்ந்துபோயிற்று. பொருள் ஒன்றே. எவ்வளவு நேரத்தில் எரிகிறது என்பதுதான் வேறு.

துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தைப் பற்றிப் பேசும்போதும் இந்த நேரக் கணக்குதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ‘வேகமான மருந்து’, ‘மெதுவான மருந்து’ என்று சுடுகலைக்காரர்கள் சொல்வதைக் கேட்கும் புதியவர், மெதுவான மருந்து என்றால் வலுக் குறைந்தது என்று நினைத்துக்கொள்வார். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர் எதிர். மிக வேகமாகப் போகும் குண்டுகளைத் தள்ளுவது மெல்ல எரியும் மருந்து.

முதலில் நேரத்தின் அளவு மனதில் பதிய வேண்டும். பத்து சென்டிமீட்டர் நீளக் குழல் கொண்ட ஒரு ரிவால்வர். குண்டு அதிலிருந்து நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓய்விலிருந்து புறப்பட்டு அந்த வேகத்தை எட்டுவதால் குழலுக்குள் அதன் சராசரி வேகம் ஏறத்தாழ அதில் பாதி. கணக்குப் போட்டால் குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் இதை நூறு தடவைக்கு மேல் நடத்தி முடித்துவிடலாம். மெதுவான மருந்து என்றாலும் அது தன் வேலையில் பெரும்பகுதியை முடிக்க வேண்டியது இந்தத் துளி நேரத்துக்குள்தான்.

இந்த நேரத்தில் நடப்பது ஒரு பந்தயம். மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு சேரச் சேர அழுத்தம் ஏறுகிறது. குண்டு முன்னே நகர்கிறது. அது நகர நகரப் பின்னால் இடம் விரிந்து அழுத்தம் இறங்குகிறது. வேகமான மருந்தில் குண்டு ஒரு விரற்கடை நகர்வதற்குள் வாயு முழுவதும் வந்துவிடும். அழுத்தம் செங்குத்தாக ஏறி, ஊசிமுனைபோல் உச்சம் தொட்டு, குழலின் மீதி நீளம் முழுக்கச் சரிந்துகொண்டே போகும். மெல்ல எரியும் மருந்தில் குண்டு ஓட ஓட வாயு வந்துகொண்டே இருக்கும். உச்சம் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும். குண்டுக்குக் கிடைக்கும் ஆற்றல் என்பது அழுத்தத்தை அது தள்ளிய தூரத்தோடு பெருக்கிய மொத்தம். வரைபடமாகப் போட்டால் கோட்டின் உயரத்தைவிட, கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் கணக்கு. உயரத்தைத் தாங்க வேண்டியது இரும்பு. பரப்பால் பயன் பெறுவது குண்டு. அதனால்தான் உச்சத்தைக் குறைத்துக்கொண்டே பரப்பைக் கூட்ட முடியுமா என்று இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கதையின் முதல் பாத்திரம் தமிழ் மண்ணில்தான் கண்மூடினார். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1742-இல் பீரங்கி இயலின் புதிய கோட்பாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தக்க முறையில் அளந்தவர் அவர். கனமான ஒரு பலகையை ஊசல்போல் தொங்கவிட்டு அதன்மேல் குண்டைச் சுடுவார். பலகை எவ்வளவு தூரம் ஆடியது என்பதை அதில் கட்டிய நாடா காட்டும். அதிலிருந்து வேகத்தைக் கணக்கிடுவார். மஸ்கட் துப்பாக்கியின் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கு மேல் போவதை இப்படித்தான் கண்டார். மாபெரும் கணித மேதை ஆய்லர் அந்த நூலை 1745-இல் ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான குறிப்புகளைச் சேர்த்தார் என்பதிலிருந்தே அதன் மதிப்புத் தெரியும்.

சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்து, பிறகு திரும்பப் பெற்றிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, தன் கோட்டைகளைப் பலப்படுத்த ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. 1750-இல் அவர் சோழமண்டலக் கரையில் வந்திறங்கினார். மறுஆண்டு ஜூலை மாதம் 29-ஆம் தேதி, கடலூரை ஒட்டித் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். வயது 44. குண்டியக்கவியல் என்ற துறையின் தந்தை என்று உலகம் கொண்டாடும் மனிதர் கெடில ஆற்று முகத்தில் வாழ்வை முடித்தார் என்பது நம் பாடநூல்களில் ஒரு வரியாகவாவது இருந்திருக்க வேண்டும்.

ராபின்ஸ் தன் கணக்குக்கு அடிப்படையாக ஒன்றை எடுத்துக்கொண்டார்: குண்டு குறிப்பிடத்தக்க அளவு நகர்வதற்கு முன்பே மருந்து முழுவதும் எரிந்து வாயுவாகிவிடுகிறது. வாயுவின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்கு என்றும் கணித்தார். பொடி மருந்து போட்ட சின்னத் துப்பாக்கிக்கு இந்த எண்ணம் பெரிதாகப் பிழைபடவில்லை. ஆனால் இதில் நேரம் என்ற ஒன்று காணாமற்போய்விட்டது. மருந்து எரிவதற்கும் நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை நாம் விரும்பியபடி நீட்டவோ குறுக்கவோ முடியும் என்பது அவர் கணக்கில் இல்லை.

அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளில் மதுரைக் கோட்டையை நோக்கிக் கம்பெனியின் பீரங்கிகள் திரும்பின. கான்சாகிப் என்று மக்கள் அழைத்த யூசுப்கான் 1763-இல் எதிர்த்து நின்றார். மழைக்காலம் குறுக்கிட, முதல் முற்றுகையைக் கம்பெனிப் படை கைவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. மறுஆண்டு அவரைச் சொந்த ஆட்களே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிட்டார்கள். இரு தரப்பும் சுட்டது கருமருந்தைத்தான். ஈரம் பட்டால் அது சரியாக எரியாது. எரிந்தாலும் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் புகையும் கரியுமாகவே மிஞ்சும். பத்து முறை சுட்டால் சுடுபவருக்கு எதிரே நிற்பது தெரியாது.

பீரங்கிகள் பெரிதாகப் பெரிதாக வேறு தொல்லை வந்தது. குழலே வெடித்தது. 1844 பிப்ரவரி 28 அன்று பிரின்ஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் விருந்தினர் முன்னிலையில் சுட்டுக் காட்டிய பெரும் பீரங்கி சிதறி, வெளியுறவு அமைச்சரும் கடற்படை அமைச்சரும் உள்படச் சிலர் இறந்தார்கள். இரும்பைத் தடிமனாக்குவதுதான் வழி என்று பலர் நினைத்தார்கள். தாமஸ் ராட்மன் என்ற ராணுவ அதிகாரி மருந்தின் பக்கமும் திரும்பிப் பார்த்தார். குழலுக்குள் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் கருவியைச் செய்தார்: அழுத்தம் ஒரு கத்திமுனையைச் செம்புத் தகட்டில் பதிக்கும், வெட்டின் நீளம் அழுத்தத்தைச் சொல்லும். அதை வைத்துக்கொண்டு, மருந்து மணியின் பருமனைக் கூட்டினால் உச்ச அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கண்டார்.

காரணம் எளிது. திட மருந்து உள்ளும் புறமுமாக ஒரே நேரத்தில் எரிவதில்லை. மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, ஏடு ஏடாக எரிகிறது. இதை 1839-இலேயே பியோபெர் என்ற பிரெஞ்சுக்காரர் சொல்லியிருந்தார். ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிக்கு மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் ஆயிரம் துண்டுகள். மொத்த மேற்பரப்பு அறுபது சதுர சென்டிமீட்டர். எடை மாறவில்லை, வேதியியல் மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு கணமும் பத்து மடங்கு வாயு பிறக்கும். மருந்தின் குணத்தில் பாதி அதன் வடிவம்.

ராட்மன் அதோடு நிற்கவில்லை. கட்டி எரிய எரியச் சுருங்குகிறது, மேற்பரப்பும் குறைகிறது. குண்டு ஓடி இடம் விரியும்போதுதான் கூடுதல் வாயு தேவை, கிடைப்பதோ குறைவு. கட்டியில் துளைகள் போட்டால்? வெளிப்புறம் எரிந்து சுருங்கும்போது துளைகளின் உட்சுவர் எரிந்து விரியும். ஒரே ஒரு துளை போட்ட குழாய் வடிவில் கூட்டலும் கழித்தலும் ஏறத்தாழச் சமன். ஏழு துளை போட்டால் மேற்பரப்பு எரிய எரியக் கூடிக்கொண்டே போகும். தொடங்கும்போது அடக்கமாகவும், குண்டு ஓடத் தொடங்கியபின் முழு மூச்சாகவும் எரியும் மருந்து! என் கணிப்பில் துப்பாக்கியின் வரலாற்றில் மிக அழகான யோசனை இதுதான். ஸ்ரீஹரிகோட்டாவில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டத்தில் வார்க்கும் சுமார் 139 டன் திட எரிபொருளின் நடுவே விடும் பள்ளத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பொறியாளர்களும் இதே மேற்பரப்புக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

கருமருந்தின் காலம் அதன் பிறகு நீடிக்கவில்லை. பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துப் பெறும் துப்பாக்கிப் பஞ்சை ஷோன்பைன் என்ற வேதியியலாளர் 1840-களிலேயே கண்டுபிடித்திருந்தார். வலு அதிகம், புகை இல்லை. ஆனால் பஞ்சு இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் வழியாக நெருப்பு உள்ளே பாய்ந்துவிடும். மேற்பரப்புக் கணக்கு அங்கே செல்லாது. துப்பாக்கிகளும் தொழிற்சாலைகளும் வெடித்தன. 1847-இல் இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் ஆலை சிதறிப் பலர் மாண்டபின் அந்நாடு அதைத் தொடவே நெடுநாள் தயங்கியது. தீர்வைக் கண்டவர் பால் வியே. 1884-இல் அவர் அந்தப் பஞ்சை ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கரைப்பானில் கூழாக்கி, இடுக்கே இல்லாத தகடாக உருட்டி, சிறு சதுரங்களாக வெட்டினார். நெருப்பு இனி மேற்பரப்பிலிருந்து ஏடு ஏடாகத்தான் நுழைய முடியும். தகட்டின் தடிமன் எரியும் நேரத்தை நிர்ணயிக்கும்.

எரிவேகம் அழுத்தத்தோடு ஏறும் என்ற விதியையும் வியே தந்தார். இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் மருந்து வேகமாக எரிகிறது. வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. குண்டு நகர்ந்து இடம் கொடுப்பது மட்டுமே இந்தச் சுழலுக்குக் கடிவாளம். புகையில்லா மருந்தைத் திறந்த தட்டில் வைத்துக் கொளுத்தினால் மஞ்சள் சுடராய்ச் சாதுவாக எரிந்து அணையும். அதே மருந்து மூடிய தோட்டாவுக்குள் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் தீர்ந்துவிடுவதற்குக் காரணம் இந்தச் சுழல்தான். மருந்து சற்றே கூடினாலும், குண்டு தோட்டாவுக்குள் சற்றே ஆழமாக இறங்கிவிட்டாலும் அழுத்தம் அதே விகிதத்தில் ஏறாது. அதைவிடக் கூடுதலாகத் தாவும்.

நோபல் 1887-இல் பாலிஸ்டைட் என்ற மருந்தைச் செய்தார். ஏபெல், டீவர் என்ற வேதியியலாளர்கள் இருவர் 1889-இல் பிரிட்டனுக்காகக் கார்டைட்டைச் செய்தார்கள். நைட்ரோகிளிசரின் 58 பங்கு, துப்பாக்கிப் பஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு. பிசைந்த மாவைத் துளை வழியே அழுத்தி இழைகளாகப் பிழிவார்கள். .303 ரைஃபிள் தோட்டாவைப் பிரித்தால் பழுப்பு நிறத்தில் ஒரு பிடி சேமியாவைக் கட்டி வைத்ததுபோல் இருக்கும். இழைகள் நீளமானவை என்பதால், பித்தளைக் கூட்டின் கழுத்தைக் குறுக்குவதற்கு முன்பே அவற்றை உள்ளே வைத்துவிட்டு, பிறகுதான் கழுத்தை நெருக்குவார்கள். முதலில் இதே .303 தோட்டாவில் நாலரை கிராமுக்கு மேல் கருமருந்து போட்டார்கள். கார்டைட் சுமார் இரண்டு கிராம் போதுமானதாயிற்று. குண்டின் வேகமும் கூடிற்று.

இந்த இழைகள் நம் நீலகிரியில் பிழியப்பட்டன. குன்னூரிலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலில் வெலிங்டனுக்கும் கேத்திக்கும் நடுவே அரவங்காடு என்ற சின்ன நிலையம் வரும். அங்கே கார்டைட் தொழிற்சாலை 1904 வாக்கில் இயங்கத் தொடங்கியது. அப்போது மலை ரயில் குன்னூர் வரைதான். ஊட்டிக்கு 1908-இல்தான் போயிற்று. தொழிற்சாலைக்கு மின்சாரம் தரக் காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் அமைத்தார்கள். தென்னிந்தியாவின் முதல் நீர்மின் முயற்சிகளில் அதுவும் ஒன்று. ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்துக் குளிரும் நல்ல தண்ணீரும் இந்த வேலைக்கு வாய்ப்பானவை. தலைமுறை தலைமுறையாகப் படுகர் கிராமங்களிலிருந்தும் சமவெளியிலிருந்தும் வந்த தொழிலாளர்கள், தீப்பொறி பட்டால் உயிர் போகும் கூடங்களில் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். விபத்துகளில் உயிரையும் விட்டிருக்கிறார்கள். 2021 அக்டோபரில் படைக்கல வாரியத்தை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது அரவங்காடு, மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

கார்டைட்டுக்கு ஒரு குறை இருந்தது: மிகுந்த சூடு. குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்கள் லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளில் ஆழமில்லாதவை, விளிம்பு மழுங்கியவை; அவற்றை அந்தச் சூடு அரித்துத் தீர்த்தது. 1895-இல் ஆழமான என்ஃபீல்டு வரிகளுக்கு மாறினார்கள். நைட்ரோகிளிசரினை 58-லிருந்து 30 பங்காகக் குறைத்து இன்னொரு வகைக் கார்டைட்டும் வந்தது. ஒரு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது எரிவேகம் ஒரு கேள்வி, எரிசூடு இன்னொரு கேள்வி.

சமவெளியின் வெயில் மூன்றாவது கேள்வி. மதுரையில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி என்பது செய்தியே அல்ல. சூடான மருந்து குளிர்ந்த மருந்தைவிட வேகமாக எரியும். நிழலில் இருந்த தோட்டாவுக்கும், வெயிலில் நிறுத்திய ஜீப்புக்குள் கிடந்த தோட்டாவுக்கும் அழுத்தம் வேறு. தவிர, துப்பாக்கிப் பஞ்சில் செய்த மருந்து சும்மா இருக்கும்போதே மிக மெல்லச் சிதைந்துகொண்டிருக்கிறது. சிதைவில் பிறக்கும் அமில வாயு மேலும் சிதைவைத் தூண்டும். வெப்பம் ஏற ஏற இது பல மடங்காகும். பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ஈயேனா 1907-இலும் லிபெர்த்தே 1911-இலும் தூலோன் துறைமுகத்தில் வெடித்தன, நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பழசாகிப்போன மருந்தே காரணம் என்று முடிவாயிற்று. டைஃபினைலமைன் போன்ற பொருளைச் சிறிதளவு சேர்த்தால் அது அந்த அமில வாயுவைப் பிடித்து அடக்கிவைக்கும். இன்றைய மருந்துகளில் இத்தகைய காப்பு கட்டாயம் உண்டு. ஆனாலும் பழைய பெட்டியைத் திறக்கும்போது புளித்த நெடி வந்தால் அந்த மருந்தை யாரும் பயன்படுத்தக் கூடாது.

இனி ஈயக் குண்டுக்கு வருவோம். ரைஃபிள் குண்டுகள் செம்புக் கலவை உறை போட்டவை. கைத்துப்பாக்கிக் குண்டுகளில் பல இன்னும் வெறும் ஈயம். இந்தியாவில் உரிமம் பெற்றவர்கள் பரவலாக வைத்திருக்கும் .32 ரிவால்வரின் தோட்டாவும், 25 மீட்டர் மையவெடிப் பிஸ்டல் போட்டியில் தட்டை முனைக் குண்டோடு சுடும் தோட்டாவும் இந்த வகை. ஈயம் 327 டிகிரியில் உருகும், மென்மையானது, குழலின் வரிகளில் இறுக்கமாகப் பொருந்தும். கடினமாக்க ஆன்டிமணியும், அச்சில் நன்றாக ஓட வெள்ளீயமும் சேர்ப்பார்கள். அச்சகங்களில் வரிவரியாக எழுத்து வார்த்த லைனோடைப் எந்திரத்தின் உலோகமும் இதே மூன்றின் கலவை: ஈயம் 84, ஆன்டிமணி 12, வெள்ளீயம் 4. ஈயக் கோப்பு அச்சுமுறை ஒழிந்தபோது அமெரிக்கக் குண்டு வார்ப்பாளர்கள் அந்தப் பழைய உலோகத்தைத் தேடித்தேடி வாங்கினார்கள்.

மென்மையான உலோகத்துக்கு இரண்டு ஆபத்து. உள்ளே இருக்கும் வாயு இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சுடும். குண்டின் அடிப்பகுதி அந்தச் சூட்டில் முழுதாக உருகாது. அதற்கு நேரம் இல்லை. ஆனால் குண்டுக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால், அதன் வழியே அழுத்தத்தோடு பீறிடும் வாயு ஈயத்தை அறுத்துக்கொண்டு போகும். அறுந்த ஈயம் குழல் சுவரில் படியும், அடுத்த குண்டு அதன்மேல் உரசும், துல்லியம் கெடும். இரண்டாவது, அழுத்தம் திடீரென்று ஏறினால், குண்டு வரிகளைப் பற்றிச் சுழலத் தொடங்குவதற்கு முன்பே நேராக வழுக்கிவிடலாம். வரிகள் ஈயத்தைச் சீவிவிடும்.

மெல்ல எரியும் மருந்து இங்கேதான் கை கொடுக்கிறது. அழுத்தம் படிப்படியாக ஏறுவதால் குண்டு வரிகளில் அமைதியாக ஏறிச் சுழலத் தொடங்குகிறது. பிறகு தள்ளல் தொடர்கிறது. கனமான ஈயக் குண்டை உறை போட்ட குண்டுக்கு நிகரான வேகத்தில் அனுப்ப வேண்டுமென்றால் இதைத் தவிர நல்ல வழி இல்லை. அமெரிக்காவில் எல்மர் கீத் என்பவர் 1920-களிலும் 30-களிலும் .44 ஸ்பெஷல் ரிவால்வரில் தானே வடிவமைத்த கனத்த வார்ப்புக் குண்டுகளோடு விடாமல் சோதனை செய்தார். .22 ஹார்னெட் என்ற சிறு ரைஃபிள் தோட்டாவுக்காக வந்த ‘2400’ என்ற மருந்து அவர் கையில் ரிவால்வர் மருந்தாயிற்று. 1955-இன் இறுதியில் .44 மேக்னம் பிறப்பதற்கு அவருடைய வற்புறுத்தலும் ஒரு காரணம். ‘2400’-இன் அதே வரிசையில் 1898-இல் வந்த ‘புல்ஸ்ஐ’ மிக வேகமானது. 1900-இல் வந்த ‘யூனிக்’ நடுத்தரம். இவை இரண்டும் ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் விற்பனையில் இருக்கின்றன.

உருண்டை மணி மருந்துகள் 1930-களில் வந்தபோது கணக்கு மீண்டும் மாறியது. உருண்டைக்கு மேற்பரப்பு எரிய எரியக் குறையும். வடிவத்தால் அது மெல்ல எரியும் மருந்தாக முடியாது. எனவே மணியின் புறத்தோலில் எரிவைத் தடுக்கும் பொருளை ஊறவைத்தார்கள். தோல் மெல்ல எரியும், உட்பகுதி வேகமாக எரியும். ராட்மன் துளைகளால் சாதித்ததை இவர்கள் வேதிப்பூச்சால் சாதித்தார்கள்.

ஆனால் மெல்ல எரியும் மருந்து எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. அது ஒழுங்காக எரிய அழுத்தம் வேண்டும். கனமான குண்டு, குண்டை இறுகப் பிடிக்கும் தோட்டா வாய், மருந்து ஏறத்தாழ நிரம்பிய கூடு, மருந்தைப் பற்றவைக்கும் வலுவான கேப் எல்லாம் இருந்தால்தான் அது தன்னைத்தானே தூண்டிக்கொண்டு எரியும். .357 மேக்னம் தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அங்கே அது சிறப்பாக வேலை செய்யும். .38 ஸ்பெஷலின் வரம்பு 17,000. .32-இன் வரம்பு அதிலும் குறைவு. அந்த வரம்புக்குள் மெதுவான மருந்தைப் போட்டால் பாதி மணிகள் எரியாமலே குழல் வாயில் வழியே கொட்டும். ஒரு சூட்டுக்கும் அடுத்ததற்கும் வேகம் மாறும். சில நேரம் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடும். நின்றது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். இதனால்தான் சில உருண்டை மணி மருந்துகளின் தயாரிப்பாளர்கள், கொடுத்த அளவிலிருந்து குறைக்காதீர்கள் என்று தனியாக எச்சரிக்கிறார்கள். குறைத்தால் பாதுகாப்பு கூடும் என்ற பொதுப்புத்தி இங்கே உதவாது. .32 போட்டித் தோட்டாவில் இருப்பது மிகச் சிறிதளவு வேகமான மருந்துதான். மென்மையான குண்டு, குறைந்த வேகம், மெல்லிய உதைப்பு. அந்த வேலைக்கு அதுவே பொருத்தம்.

வேகமான மருந்தின் ஆபத்து வேறு விதம். மிகக் கொஞ்சமே போடுவதால் பெரிய கூட்டில் அடியில் கிடக்கும். கவனம் சிதறி அதே கூட்டில் இன்னொரு முறை போட்டுவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. மெதுவான மருந்தில் இரண்டாவது முறை போட்டால் கூடு நிரம்பி வழிந்து, தவறு உடனே தெரிந்துவிடும். அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்பும் அனுபவசாலிகள் பலர், வேகத்துக்காக இல்லாமல் இந்த ஒரே காரணத்துக்காகக் கூட்டை நிரப்பும் மருந்தை விரும்புகிறார்கள். அவர்கள் செய்வது சரி என்பேன்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். அதனால் எந்தத் தோட்டாவுக்கு எந்த மருந்து என்ற தேர்வைப் பெரும்பாலும் தொழிற்சாலையின் சோதனைக்கூடம் செய்கிறது. அழுத்தத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. சுட்ட கூட்டைத் திருப்பிப் பார்த்து ஊகிப்பது நம்பத்தக்கதல்ல. அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் படிகத்தைச் சுவரில் பொருத்திய சோதனைக் குழலில் சுட்டு, ஒவ்வொரு மைக்ரோவிநாடியின் வளைவையும் பதிவு செய்து, உச்சம் வரம்புக்குள் நிற்கிறதா, ஒவ்வொரு சூட்டிலும் அதே இடத்தில் நிற்கிறதா, மருந்தைச் சூடாக்கினால் எவ்வளவு ஏறுகிறது, குளிர்வித்தால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்த பிறகே ஒரு மருந்து ஒரு தோட்டாவுக்குள் போகிறது.